வீட்டுப் பட்டறைக்கு எந்தக் கம்ப்ரசர், எந்தப் பேட்டரிக் கருவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் வாங்க வேண்டியது கம்ப்ரசரா, பேட்டரி டிரில்லா?

டிரில்தான். கதவுக் கீல் மாற்றுவது, அலமாரி பூட்டுவது, சுவரில் தட்டு மாட்டுவது என வீட்டில் வரும் வேலைகளில் பெரும்பகுதி துளை போடுவதும் ஸ்க்ரூ ஏற்றுவதும்தான். கம்ப்ரசர் (காற்றை அழுத்திச் சேர்த்து வைத்துக் கருவிகளுக்குத் தரும் இயந்திரம்) தேவைப்படுகிற வேலைகள் அதற்குப் பிறகுதான் வருகின்றன. சிலருக்கு அவை வருவதே இல்லை.

எந்தக் கருவியை வாங்குவதற்கு முன்பும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த வேலையில் கருவி ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் ஓட வேண்டியிருக்கும்? சில நொடிகள் ஓடி நின்று மறுபடி ஓடும் வேலைக்குப் பேட்டரி பொருத்தமானது. நிமிடக் கணக்கில் நிற்காமல் ஓட வேண்டிய வேலைக்கு வயர் உள்ள கருவியே நல்லது. கம்ப்ரசருக்கும் இதே கணக்குதான். இந்தப் பக்கத்தில் வரும் பெரும்பாலான பதில்கள் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடப்படும் குதிரைத்திறன், வோல்ட், தொட்டி அளவு எதுவும் இதற்கு நேரடியாகப் பதில் சொல்லாது.

கம்ப்ரசரில் எந்த எண்ணைப் பார்த்து வாங்குவது?

ஒரு நிமிடத்தில் அது உண்மையில் வெளியே தள்ளும் காற்றின் அளவைப் பாருங்கள். அதை நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்று அளப்பார்கள். கடையில் சி.எஃப்.எம். என்பார்கள். ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பெட்டியின் மேல் பெரும்பாலும் அச்சிடப்படுவது பிஸ்டன் ஒவ்வொரு முறையும் பெயர்க்கும் கொள்ளளவிலிருந்து போட்ட கணக்கு. வால்வில் கசிவதும், சூட்டில் விரிவதும், சிலிண்டரின் தலைப்பகுதியில் தங்கிவிடுவதும் போக வெளியே வருவது அதில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே கடைக்காரரிடம் "எஃப்.ஏ.டி. எவ்வளவு?" என்று கேளுங்கள். உண்மையில் வெளியே வரும் காற்று, அழுத்தப்படாத சாதாரண நிலையில் எவ்வளவு என்பது அதன் பொருள். விவரத்தாளில் அது இல்லையென்றால், போட்டிருக்கும் எண்ணை மூன்றில் இரண்டாகக் குறைத்துக்கொண்டு யோசியுங்கள். பிஸ்டன் கம்ப்ரசர்களில் ஒரு குதிரைத்திறனுக்குச் சுமார் 3 முதல் 4 கன அடிதான் கிடைக்கும். 2 குதிரைத்திறன் இயந்திரத்துக்கு 15 கன அடி என்று எழுதியிருந்தால் நம்ப வேண்டாம்.

அழுத்தத்தைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. சந்தையில் உள்ள சிறிய கம்ப்ரசர்கள் பெரும்பாலும் 8 பார் வரை, அதாவது சுமார் 115 பி.எஸ்.ஐ. வரை போகும். வீட்டுப் பட்டறையில் நீங்கள் பயன்படுத்தப்போகும் கருவிகள் 2 முதல் 7 பாருக்குள் அடங்கிவிடும்.

24 லிட்டர் தொட்டி போதுமா, 50 லிட்டர் வேண்டுமா?

தொட்டி காற்றை உற்பத்தி செய்வதில்லை, சேர்த்து வைக்கிறது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெளிவாகிவிடும்.

24 லிட்டர் தொட்டியில் 8 பார் இருக்கிறது. ஸ்ப்ரே கன்னுக்கு 3 பார் வேண்டும். இடையில் உள்ள 5 பார்தான் செலவழிக்கக் கிடைப்பது. ஐந்தை இருபத்து நான்கால் பெருக்கினால் 120 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 10 கன அடி கேட்கும் கன் ஒரு நிமிடத்தில் 283 லிட்டரைக் குடித்துவிடும். பம்ப் கூடவே ஓடி நிமிடத்துக்கு 100 லிட்டர் தந்தாலும் 40 நொடிகளில் தொட்டி 3 பாருக்கு இறங்கிவிடும். அலமாரிக் கதவு ஒன்றின் பாதியில் தூவல் பலவீனமாகி, பெயின்ட் பொட்டுப் பொட்டாக விழும்.

50 லிட்டர் தொட்டியில் அதே கன் சுமார் 80 நொடிகள் தாங்கும். அவ்வளவுதான் வித்தியாசம். பம்ப் சிறியதாக இருக்கும்போது தொட்டியை மட்டும் பெரிதாக்கினால், அது காலியான பிறகு நிரம்புவதற்கும் அதே விகிதத்தில் கூடுதல் நேரம் பிடிக்கும்.

மாறாக, மரவேலைக்காரர்கள் பலரும் வைத்திருக்கும் எஃப்30 ஆணி கன்னை (காற்றழுத்தத்தால் மெல்லிய ஆணி அடிக்கும் கருவி) எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆணிக்கு ஒரு லிட்டர் காற்றுகூட ஆகாது. 24 லிட்டர் தொட்டி 8 பாரிலிருந்து 5 பாருக்கு இறங்குவதற்குள் எழுபது ஆணிக்கு மேல் அடித்துவிடலாம். அடுத்த பலகையை அளந்து வைப்பதற்குள் தொட்டி மறுபடி நிரம்பியிருக்கும். அதே இயந்திரம் ஒரு வேலைக்குத் தாராளம், இன்னொரு வேலைக்குப் பற்றாக்குறை.

அப்படியானால் வீட்டில் ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கவே முடியாதா?

முடியும். கன்னைக் கம்ப்ரசருக்குத் தகுந்தபடி தேர்ந்தெடுக்க வேண்டும். காருக்கு அடிக்கப் பயன்படும் பெரிய ஸ்ப்ரே கன்கள் நிமிடத்துக்கு 8 முதல் 14 கன அடி வரை கேட்கும். சிறிய முனையுள்ள, மேலே கப் வைத்த சின்னக் கன்கள் 4 அல்லது 5 கன அடியில் வேலை செய்யும். நாற்காலி, சிறிய கதவு, ஜன்னல் சட்டம் போன்றவற்றுக்கு 2 குதிரைத்திறனும் 50 லிட்டர் தொட்டியும் உள்ள கம்ப்ரசரோடு இந்தச் சின்னக் கன்னை இணைத்தால் நல்ல முடிவு வரும். ஒரு பக்கத்தை அடித்து நிறுத்தி, தொட்டி நிரம்பியதும் மறுபக்கம் அடியுங்கள். பாதிக் கோட்டில் நிறுத்தாதீர்கள்.

முழு வாசல் கதவு, கார் பானெட் போன்றவற்றை ஒரே ஓட்டமாக அடிக்க வேண்டுமென்றால் 3 குதிரைத்திறன் பெல்ட் கம்ப்ரசரும் 100 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டியும் தேவைப்படும். ஆண்டுக்கு ஒரு முறை வரும் வேலைக்காக அதை வாங்கி வீட்டில் நிறுத்துவதைவிட, அந்த ஒரு வேலையை ஸ்ப்ரே பெயின்டரிடம் கொடுப்பதே சரி. கம்ப்ரசரே வேண்டாத மின்சார ஸ்ப்ரே கன்களும் இருக்கின்றன. காம்பவுண்டுச் சுவருக்கும் இரும்புக் கேட்டுக்கும் அவை போதும். தேக்கில் கண்ணாடி போன்ற பாலிஷ் அவற்றிலிருந்து வராது.

எண்ணெய் ஊற்றும் கம்ப்ரசரா, எண்ணெய் இல்லாததா?

அடுக்குமாடியில் இருக்கிறீர்களா, தனி வீட்டிலா என்பதிலிருந்து தொடங்குங்கள்.

எண்ணெய் ஊற்றுவதில் இரண்டு வகை உண்டு. மோட்டாரோடு நேரடியாகப் பொருந்திய சிறிய வகை நிமிடத்துக்கு 2,800 சுற்றுகளுக்கு மேல் ஓடும். விலை குறைவு, சத்தம் மிக அதிகம். பெல்ட் வகையில் பம்ப் மெதுவாகச் சுற்றுவதால் சூடும் தேய்மானமும் குறைவு. பஞ்சர் கடைகளில் ஆண்டுக்கணக்கில் உழைப்பது இதுதான். ரிங், வால்வுத் தகடு, கேஸ்கட் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். எல்ஜி (Elgi) என்ற கம்ப்ரசர் நிறுவனம் 1960இல் தொடங்கப்பட்ட ஊரான கோயம்புத்தூர், கம்ப்ரசர் தொழிலின் பெரிய மையம். பெல்ட் கம்ப்ரசரைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்குகளையும் உதிரிப் பாகங்களையும் அங்கே எளிதில் கண்டுபிடித்துவிடலாம். இது ஒரு பெரிய வசதி. வாங்கும்போது இதை மதிப்புப் போட்டுப் பாருங்கள்.

எண்ணெய் இல்லாத வகையில், சத்தம் குறைந்தது என்று விற்கப்படுபவை பெரும்பாலும் 1,400 சுற்று அளவில் ஓடும் மோட்டார் கொண்டவை. 60 முதல் 70 டெசிபலுக்குள் நிற்கும், பக்கத்தில் நின்று பேச முடியும். எண்ணெய்த் துளி காற்றில் கலக்காது என்பது பெயின்ட் வேலைக்கு நல்லது. எண்ணெய் கலந்தால் பெயின்ட் பரப்பில் மீன் கண் போன்ற குழிகள் விழும். குறை என்னவென்றால், பிஸ்டன் வளையம் எண்ணெய் இல்லாமலேயே உரசுவதால் பம்பின் ஆயுள் குறைவு. பல மாடல்களில் வளையம் போனால் பம்பையே மாற்றச் சொல்வார்கள்.

அடுக்குமாடியில் இருப்பவருக்கு 24 அல்லது 50 லிட்டர் தொட்டியோடு சத்தம் குறைந்த வகை. தனி வீடும் தனிக் கொட்டகையும் உள்ளவருக்கு பெல்ட் வகை. இரண்டுக்கும் நடுவில் உள்ள, விலை குறைந்த, அலறும் நேரடி வகையை வீட்டுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அக்கம்பக்கத்தாரின் பொறுமைக்கும் ஒரு விலை இருக்கிறது.

எண்ணெய் வகையை வாங்கினால் கம்ப்ரசர் எண்ணெயையே ஊற்றுங்கள். பைக் இன்ஜின் ஆயில் வேண்டாம். அதில் சேர்க்கப்படும் அழுக்கு நீக்கிகள் வால்வில் கரியாகப் படியும்.

வீட்டு மின்சாரம் தாங்குமா?

2 குதிரைத்திறன் என்பது சுமார் 1,500 வாட். மோட்டாரின் இழப்பையும் சேர்த்தால் ஓடும்போது 8 முதல் 9 ஆம்பியர் இழுக்கும். டி.வி.யும் மின்விசிறியும் மாட்டும் 6 ஆம்பியர் பிளக்கில் இது போகவே கூடாது. 16 ஆம்பியர் பிளக் வேண்டும். தொடங்கும் நொடியில் அதைப்போல ஐந்து மடங்குக்கும் மேல் இழுக்கும் என்பதால் எம்.சி.பி. (மின்சாரம் அதிகமானால் தானாக விழும் பாதுகாப்புச் சுவிட்ச்) விழுந்துகொண்டே இருந்தால் எலக்ட்ரீஷியனிடம் அது சி வகையா என்று பார்க்கச் சொல்லுங்கள். மோட்டார்களுக்கு அந்த வகைதான் பொருந்தும்.

பலரும் கவனிக்காத இடம் எக்ஸ்டென்ஷன் கம்பி. 1 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 20 மீட்டர் இழுத்தால், மோட்டார் தொடங்கும் நொடியில் கம்பியிலேயே 30 வோல்ட்டுக்கு மேல் விழுந்துவிடும். ஏற்கெனவே மாலை நேரத்தில் 200 வோல்ட்டில் தள்ளாடும் கிராமத்து இணைப்பாக இருந்தால் மோட்டார் சுற்ற முடியாமல் உறுமும். இரண்டு முறை இப்படி உறுமினால் கெபாசிட்டரோ வைண்டிங்கோ போய்விடும். மின் கம்பியை நீட்டாதீர்கள், காற்றுக் குழாயை நீட்டுங்கள். கம்ப்ரசர் பிளக்குக்குப் பக்கத்திலேயே நிற்கட்டும், குழாய் 15 மீட்டர் போகட்டும். காற்றுக்கு அந்தத் தூரத்தில் ஏற்படும் இழப்பு, நல்ல விட்டமுள்ள குழாயாக இருந்தால், பெரிதல்ல.

தொட்டியிலிருந்து தண்ணீர் வருகிறது. இயந்திரம் பழுதா?

பழுதில்லை. அது சுற்றியுள்ள காற்றிலிருந்து வந்த தண்ணீர். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் அதில் 24 கிராம் இருக்கும். அந்தக் காற்றை 8 பாருக்கு அழுத்தினால் அதன் பருமன் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். அந்தச் சிறிய இடத்தால் 3 கிராம் சொச்சம் நீராவியைத்தான் தாங்க முடியும். மீதி 20 கிராமும் தண்ணீராக அடியில் தங்கும். நிமிடத்துக்கு 100 லிட்டர் தரும் கம்ப்ரசர் ஒரு மணி நேரம் ஓடினால் 6 கன மீட்டர் காற்று, அதாவது சுமார் 120 மில்லிலிட்டர் தண்ணீர்.

அதனால்தான் வேலை முடிந்த ஒவ்வொரு நாளும் தொட்டியின் அடியில் உள்ள வால்வைத் திறந்து வடிக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை என்று சிலர் சொல்வார்கள். கடற்கரை ஊர்களில் அது போதாது. தொட்டி உள்ளிருந்து துருப்பிடிப்பது வெளியே தெரியாது. வெளிப் பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே தகடு மெலிந்துகொண்டிருக்கும்.

பெயின்ட் அடிப்பவர்கள் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரைக் கம்ப்ரசரின் வாயிலேயே மாட்டுவதைப் பார்க்கிறேன். அங்கே காற்று இன்னும் சூடாக இருக்கும். நீராவி ஃபில்டரைத் தாண்டிப் போய், குழாயில் குளிர்ந்து, கன்னில் தண்ணீராகும். ஐந்தாறு மீட்டர் குழாய் போன பிறகு ஃபில்டரை மாட்டினால் அது தன் வேலையைச் செய்யும். ஐப்பசி, கார்த்திகை மழையில் என்.சி. லாக்கர் (நைட்ரோசெல்லுலோஸ் மரப் பாலிஷ்) அடிப்பதைத் தள்ளிப்போடுங்கள். எந்த ஃபில்டராலும் அறைக் காற்றின் ஈரத்தை நீக்க முடியாது, பாலிஷ் வெளுத்துப்போகும்.

வண்டி டயருக்குக் காற்றுப் பிடிக்க மட்டும் வேண்டும். எது வாங்கலாம்?

கம்ப்ரசர் வேண்டாம். கையடக்கமான பேட்டரி இன்ஃப்ளேட்டர் போதும். காருக்கு 33 பி.எஸ்.ஐ., பைக்குக்கு அதற்குச் சற்று முன்பின். மெதுவாகத்தான் ஏறும், ஆனால் வாரம் ஒரு முறை ஏற்ற அது தாராளம். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் டிரில்லின் பேட்டரியிலேயே ஓடும் இன்ஃப்ளேட்டர் கிடைத்தால் அதை எடுங்கள்.

12 வோல்ட், 18 வோல்ட், 20 வோல்ட், 21 வோல்ட், 48 வோல்ட்: எத்தனை வோல்ட் வாங்குவது?

இந்தப் பட்டியலில் உள்ள 18, 20, 21 மூன்றும் ஒன்றுதான். உள்ளே ஐந்து லித்தியம் செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒரு செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட், ஐந்துக்கு 18. முழுக்கச் சார்ஜ் ஆன நொடியில் ஒவ்வொன்றும் 4.2 வோல்ட், ஐந்துக்கு 21. ஒருவர் சராசரியை எழுதுகிறார், ஒருவர் உச்சத்தை எழுதுகிறார். அதேபோல 10.8 வோல்ட்டும் 12 வோல்ட்டும் மூன்று செல்களின் இரண்டு பெயர்கள்.

இணையக் கடைகளில் பெயர் தெரியாத கருவிகளின் மேல் 48, 88, 98 என்று அச்சிட்டிருப்பார்கள். பேட்டரியைத் தூக்கிப் பாருங்கள். 48 வோல்ட்டுக்குப் பதின்மூன்று செல்களாவது வேண்டும். கைக்குள் அடங்கும் பேட்டரியில் அத்தனை செல்களுக்கு இடம் கிடையாது. இது வாங்குபவரை ஏமாற்றும் அச்சு, வேறு பெயர் அதற்கு இல்லை. சார்ஜரில் வெளியீடு எத்தனை வோல்ட் என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும், அது 21 என்றால் உள்ளே ஐந்து செல்கள்தான்.

வீட்டு வேலை மட்டும், கை சிறியது, அலமாரிக்குள் நுழைந்து வேலை செய்ய வேண்டும் என்றால் 12 வோல்ட் அருமையான தேர்வு. எடை குறைவு என்பதால் அம்மாவும் பிள்ளைகளும்கூட எடுத்துப் பயன்படுத்துவார்கள். மரவேலை, இரும்பு வேலை என்று பட்டறை வளரப்போகிறது என்றால் 18 வோல்ட்.

2 ஆம்பியர் மணி, 4 ஆம்பியர் மணி: பெரியதே நல்லதா?

பெரிய பேட்டரி நெடுநேரம் ஓடும் என்பது தெரிந்ததுதான். அதோடு அது அதிக வேகத்தில் மின்சாரத்தைக் கொடுக்கவும் செய்யும். 2 ஆம்பியர் மணி பேட்டரியில் வழக்கமாக ஐந்து செல்கள். 4 அல்லது 5 ஆம்பியர் மணியில் பத்து செல்கள், இரண்டிரண்டாகச் சேர்ந்து இழுக்கும். பாரம் பாதியாகப் பகிரப்படுவதால் செல் சூடாவதும் குறையும். அதே டிரில், அதே பிட், பேட்டரியை மட்டும் மாற்றினால் கடினமான மரத்தில் வித்தியாசம் கையில் தெரியும். ஆனால் தலைக்கு மேல் கையைத் தூக்கி ஸ்க்ரூ ஏற்றும் வேலைக்குச் சிறிய பேட்டரியின் எடைதான் தோதாக இருக்கும். ஒன்று பெரியது, ஒன்று சிறியது என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பிராண்ட் எப்படித் தேர்ந்தெடுப்பது?

நீங்கள் வாங்குவது ஒரு டிரில் அல்ல, ஒரு பேட்டரிக் குடும்பம். முதல் டிரில்லோடு பேட்டரியும் சார்ஜரும் வந்துவிட்டால், அடுத்தடுத்த கருவிகளைப் பேட்டரி இல்லாமல் வெறும் உடலாக, பாதி விலைக்கு அருகில்கூட வாங்க முடியும். ஆகவே டிரில்லை மட்டும் ஒப்பிடாமல், இன்னும் ஐந்து ஆண்டுகளில் உங்களுக்கு என்னென்ன தேவைப்படும், அவை எல்லாம் அந்த வரிசையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மக்கிதா 2005இல் கொண்டுவந்த 18 வோல்ட் பேட்டரி வரிசை இன்றும் விற்பனையில் இருக்கிறது. அப்படி நீண்ட காலம் நிற்கும் வரிசைகளை நம்பலாம். ஒரே நிறுவனம் என்றாலே எல்லாம் பொருந்தும் என்றும் நினைக்காதீர்கள். பாஷ் நிறுவனத்தின் பச்சை நிற வீட்டு வரிசை 18 வோல்ட் பேட்டரி, அதன் நீல நிறத் தொழில்முறை வரிசையில் சேராது.

அடுத்தது, உங்கள் ஊரிலிருந்து எட்டும் தூரத்தில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்பது. சுவிட்ச் போனால் மாற்ற ஆளில்லாத கருவி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் மலிவல்ல. பேட்டரியை அறிந்த கடையிலேயே பில்லோடு வாங்குங்கள். அசல் போலவே ஸ்டிக்கர் ஒட்டிய போலிப் பேட்டரிகள் நிறைய உலவுகின்றன. அவற்றில் சில, ஒவ்வொரு செல்லையும் கண்காணிக்கும் பாதுகாப்புச் சுற்று இல்லாதவை. சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கினால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

பிரஷ்லெஸ் மோட்டார் கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்து எடுக்கலாம். கார்பன் பிரஷ் உரசல் இல்லாததால் சூடு குறைவு, அதே பேட்டரியில் வேலை அதிகம். மாதம் ஒரு முறை மட்டும் எடுக்கப்போகும் கருவி என்றால் கார்பன் பிரஷ் வகையே போதும்.

கான்கிரீட்டில் துளை போடப் பேட்டரி டிரில் போதுமா?

செங்கல் சுவரில் சாதாரண ஹேமர் டிரில் போகும். லிண்டல், தூண், மேல்தளம் என்று கான்கிரீட்டைத் தொட்டால் திணறும். ஹேமர் டிரில் இரண்டு பல்சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று துள்ளுவதால் அதிர்கிறது. நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவுதான் அடி விழும். ரோட்டரி ஹேமரில் காற்று மெத்தையில் ஓடும் பிஸ்டன் பிட்டை அடிக்கிறது, கை அழுத்தத்துக்கு அதில் வேலை இல்லை. எஸ்.டி.எஸ். பிளஸ் என்ற பூட்டு முறையுள்ள பிட் மாட்டும் சிறிய ரோட்டரி ஹேமர், வயர் உள்ளதாகவே ஒன்று வாங்கி வையுங்கள். விசிறி மாட்டவும் திரைச்சீலைக் கம்பி மாட்டவும் ஒரு துளைக்கு ஐந்து நிமிடம் போராடி, பிட்டைப் பிடிக்கும் சக்கை (chuck) தேய்க்க வேண்டியதில்லை.

இம்பாக்ட் டிரைவர் தனியாக வேண்டுமா?

நீளமான ஸ்க்ரூ நிறைய ஏற்றுவீர்கள் என்றால் வேண்டும். டிரில் ஸ்க்ரூவை முறுக்கும்போது எதிர்விசை உங்கள் மணிக்கட்டில் விழுகிறது. இம்பாக்ட் டிரைவர் உள்ளே சுத்தியலால் தட்டித் தட்டித் திருப்புவதால் மணிக்கட்டு பிழைக்கும், ஸ்க்ரூத் தலையும் வழுக்கிப் பிய்வதில்லை. இரண்டின் நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசை) எண்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடாதீர்கள், அளக்கும் விதமே வேறு. சத்தம் மிக அதிகம், காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள்.

கார் சக்கர நட்டைக் கழற்ற இம்பாக்ட் ரெஞ்ச் உதவும். மாட்டும்போது கையால் முடுக்கி, முறுக்கு விசையை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சில் முடியுங்கள். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர்தான் சொல்லப்பட்டிருக்கும், பெரிய இம்பாக்ட் ரெஞ்ச் ஒரே நொடியில் அதைத் தாண்டி போல்ட்டை இழுத்துவிடும்.

கிரைண்டர், ரம்பம், சாண்டர்: இவற்றையும் பேட்டரியில் வாங்கலாமா?

இங்கேதான் முதல் கேள்வியில் சொன்னது பொருந்துகிறது. கிரைண்டர் நிமிடக் கணக்கில் முழு வேகத்தில் ஓடும் கருவி. வயர் உள்ள 4 அங்குலக் கிரைண்டர் 700 வாட் அளவில் இழுக்கும். 18 வோல்ட், 4 ஆம்பியர் மணி பேட்டரியில் மொத்தமே 72 வாட் மணிதான் இருக்கிறது. முழுச் சுமையில் சில நிமிடங்களுக்கே தாங்கும். பட்டறைக்குள் பிளக் இருக்கும்போது பேட்டரிக் கிரைண்டருக்கு அவசியமில்லை. மொட்டைமாடியிலோ தோட்டத்திலோ ஒன்றிரண்டு கம்பி வெட்ட மட்டும் அது வசதி. பரப்பைத் தேய்த்து வழவழப்பாக்கும் சாண்டரும் அப்படியே. காற்றில் ஓடும் சாண்டர் இன்னும் மோசம், நிமிடத்துக்கு 8 முதல் 12 கன அடி கேட்கும். வீட்டுக் கம்ப்ரசரால் ஊட்ட முடியாது. ஜிக்சா மட்டும் விதிவிலக்கு. விட்டுவிட்டு அறுக்கும் கருவி என்பதால் பேட்டரியில் நன்றாகவே இருக்கும்.

கிரைண்டரைப் பற்றி இதையும் சொல்லியாக வேண்டும். மரம் அறுக்கும் பல் வைத்த பிளேடைக் கிரைண்டரில் மாட்டாதீர்கள், காவல் தகட்டைக் கழற்றாதீர்கள். நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் பிளேடு மரத்தில் பிடித்துக்கொண்டால் கருவி உங்களை நோக்கித் துள்ளும். விரலும் முகமும் கிழிவது இப்படித்தான். ஒரு வட்ட ரம்பத்தின் விலை அதற்கு முன் ஒன்றுமே இல்லை.

பேட்டரியை முழுக்கத் தீர்த்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டுமா?

வேண்டாம். அது நிக்கல் காட்மியம் காலத்து வழக்கம். 1961இல் பிளாக் அண்ட் டெக்கர் வயர் இல்லாத டிரில்லைக் கொண்டுவந்தபோது அதில் இருந்தது நிக்கல் காட்மியம். அந்த வகைக்கு அப்படிப்பட்ட அறிவுரைகள் சொல்லப்பட்டன. சோனி 1991இல் விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனின் குணம் வேறு. பாதியில் சார்ஜ் போடலாம், பாதியில் எடுக்கலாம். அடியோடு தீர்ப்பதுதான் அதைக் கெடுக்கும்.

நம் ஊரில் லித்தியத்தின் பெரிய எதிரி வெயில். பல தயாரிப்பாளர்கள் சார்ஜ் செய்ய 40 டிகிரியை மேல் எல்லையாக வைக்கிறார்கள். மே மாதம் வேலூரில் நிழலிலேயே அதைத் தாண்டும் நாட்கள் உண்டு. தகரக் கொட்டகைக்குள் கேட்கவே வேண்டாம். வேலை முடிந்த சூட்டோடு சார்ஜரில் செருகாமல் ஆறவிடுங்கள். பூட்டிய காருக்குள் விடாதீர்கள். மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைப்பதென்றால் பாதிச் சார்ஜில், வீட்டுக்குள் குளிர்ந்த அலமாரியில் வையுங்கள்.

பழைய கம்ப்ரசர் மலிவாக வருகிறது. வாங்கலாமா?

பம்பையும் மோட்டாரையும் சரிசெய்துகொள்ளலாம், தொட்டியைச் சரிசெய்ய முடியாது. தொட்டியின் மேல் தயாரித்த ஆண்டும் அதிகபட்ச அழுத்தமும் பொறித்த தகடு இருக்கிறதா என்று பாருங்கள். அடி வால்வைத் திறக்கும்போது செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தால் விட்டுவிடுங்கள். எங்காவது வெல்டிங் ஒட்டு இருந்தால் விலை பேசவே வேண்டாம். ஆசையை விட முடியவில்லை என்றால் தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்கு ஏற்றிச் சோதித்துத் தரச் சொல்லுங்கள். தண்ணீர் சுருங்காது என்பதால் தகடு விட்டாலும் கசியுமே தவிர வெடிக்காது. காற்று நிரப்பிச் சோதித்தால் அது குண்டு.

பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரசரையும் காலி கேஸ் சிலிண்டரையும் இணைத்து வீட்டிலேயே செய்வதையும் நான் ஆதரிக்க மாட்டேன். பி.வி.சி. குழாயில் காற்று வரிசை இழுப்பதும் அப்படித்தான். தண்ணீருக்கு நல்ல அந்தக் குழாய், காற்றழுத்தத்தில் உடைந்தால் கத்தித் துண்டுகளாகச் சிதறும்.

புதியதோ பழையதோ, பாதுகாப்பு வால்வின் வளையத்தை மாதம் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். சீறிவிட்டு மூடிக்கொள்ள வேண்டும். உடம்பிலும் துணியிலும் உள்ள தூசியைக் காற்றடித்துத் தட்டாதீர்கள், சிறு காயம் வழியாகக் காற்று தோலுக்குள் புகுந்துவிடும். மரத்தூளையும் ஊதாமல் வாக்குவம் கிளீனரால் எடுங்கள். ஊதினால் நுண்தூள் மணிக்கணக்கில் அறையில் மிதந்து நுரையீரலுக்குப் போகும்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் கொண்டுவந்தால் லாபமா?

துபாய், சிங்கப்பூர் என்றால் மின்னழுத்தம் நம்முடையதை ஒத்தது. பிளக் முனையை மட்டும் மாற்றினால் போதும். அமெரிக்கா என்றால் கருவியும் பேட்டரியும் இங்கே வேலை செய்யும், ஆனால் அங்கத்திய சார்ஜர் 120 வோல்ட்டுக்கானது. நம் பிளக்கில் செருகிய நொடியில் புகைந்துவிடும். சார்ஜரை இங்கேயே வாங்குங்கள். அமெரிக்கக் கம்ப்ரசரைக் கொண்டுவரவே வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்ட்டைக் குறைத்தாலும் அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. மோட்டார் மெதுவாகவும் சூடாகவும் ஓடும்.

விமானத்தில் தனிப் பேட்டரியைச் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது, முனைகளை மூடிக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும். 100 வாட் மணி வரை தடையில்லை. 18 வோல்ட்டை 5 ஆம்பியர் மணியால் பெருக்கினால் 90, அது தாண்டாது. 6 ஆம்பியர் மணி என்றால் 108, அதற்கு விமான நிறுவனத்தின் அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். 160 வாட் மணிக்கு மேற்பட்டதைப் பயணியாக எடுத்துவரவே முடியாது. வாரன்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும் என்பதையும் விலை ஒப்பிடும்போது சேர்த்துக்கொள்ளுங்கள்.